அச்சுப் பொறியும் அறிவுப் பொறியும்

தோழனே!

கூட்டம் முடிந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டு, ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். மேடைக்குப் பின்புறம் என்னைத் தேடி வந்தார் ஓர் இளைஞர். கிராமப் பள்ளியொன்றின் ஆசிரியர். மாலை அணிவிக்க வரவில்லை, கையொப்பம் கேட்கவுமில்லை. கேள்வி ஒன்று கேட்க வந்தார்.

“அண்ணே! எங்கள் பள்ளிக்குத் திரை வந்துவிட்டது; கணிப்பொறியும் வந்துவிட்டது. வண்ண வண்ணமாகப் பாடங்கள் ஓடுகின்றன. பிள்ளைகள் வாய் மூடிப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் நான் பேசுவேன், அவர்கள் கேட்பார்கள். இப்போது திரை பேசுகிறது. நானும் அவர்களோடு அமர்ந்து கேட்கிறேன். இதைத்தானா நாம் முன்னேற்றம் என்கிறோம்?”

கல்வியைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கல்லூரிப் படிப்புக்குப் பாதியிலே முழுக்குப் போட்டவனிடம் பள்ளிப் பாடத்தைப் பற்றிக் கேட்டால் வேறென்ன நடக்கும் என்று நீ நகைத்திடக்கூடும். நகைத்துக்கொள்! ஆனால், விடை தெரியாத கேள்வியை வழியிலே போட்டுவிட்டு வரும் பழக்கம் நமக்கில்லையே! வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஒரு கிழமை முழுவதும் ஏடுகளைப் புரட்டினேன். விடை கிடைத்தது. அதைத் தந்தவர் பிரான்சு நாட்டு மலைக் கிராமம் ஒன்றிலே, நூறாண்டுகளுக்கு முன்பு பாடம் சொல்லித் தந்த ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்.

செலஸ்தென் பிரெனே என்பது அவர் பெயர். அரசாண்டவரல்லர்; படை நடத்தியவரல்லர்; பெரும் பட்டங்கள் பெற்றவருமல்லர். 1896-ஆம் ஆண்டு, தென்கிழக்குப் பிரான்சின் மலைப்பகுதியிலுள்ள கார்ஸ் என்னும் சிற்றூரிலே, உழைக்கும் குடும்பத்திலே பிறந்தவர். நீஸ் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த அவரை, 1915-இலே போர் வந்து அழைத்துக்கொண்டு போயிற்று. ஏடு இருந்த கையிலே துப்பாக்கி ஏறிற்று. 1917 அக்டோபரில், ஷெமான்-தே-தாம் போர்முனையிலே, குண்டு அவர் நுரையீரலைத் துளைத்தது. அப்போது அவருக்கு வயது 21! உயிர் பிழைத்தார், மூச்சுதான் முழுமையாகத் திரும்பவில்லை.

1920-இலே பார்-சுர்-லூ என்ற கிராமத்துப் பள்ளியிலே அவருக்கு வேலை கிடைக்கிறது. வகுப்பு நிறையச் சிறுவர்கள். உரத்த குரலிலே பாடம் சொல்வதும், அதட்டி அடக்குவதும், சொன்னதையே திருப்பிச் சொல்லச் செய்வதுமே ஆசிரியத் தொழில் என்று கருதப்பட்ட காலம். இவருக்கோ சற்று நேரம் பேசினால் மூச்சு வாங்குகிறது. எண்ணிப் பார், தோழனே! பேச்சையே படைக்கலமாகக் கொண்ட என் போன்றவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால், துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிடுவான். அவர் இறங்கவில்லை. ஆசிரியனால் பேச இயலாதெனில் பிள்ளைகள் பேசட்டுமே என்று எண்ணினார். அந்தக் குறைதான் தம்மைப் புதுவழி தேடச் செய்தது என்று பின்னாளிலே அவரே எழுதினார்.

எப்படித் தேடினார்? அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள், சிறுவர்கள் வகுப்புக்கு நத்தைகளைக் கொண்டுவந்தார்கள். மேசைமீது விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். எந்த நத்தை முந்தும், எது சுணங்கும், எது வழி தவறும் என்று வகுப்பு முழுவதும் ஒரே ஆரவாரம்! வேறோர் ஆசிரியராயிருந்தால் நத்தைகள் சன்னல் வழியாகவும் பிள்ளைகள் வாசல் வழியாகவும் வெளியேறியிருப்பார்கள். பிரெனே சுண்ணக் கட்டியை எடுத்தார். பிள்ளைகள் கூவிக் கூவிச் சொன்னதைக் கரும்பலகையிலே எழுதினார். பாடநூலைத் திறந்தால் கொட்டாவி விட்ட பிள்ளைகள், பலகையிலே தங்கள் சொல்லைக் கண்டதும் விழுந்து விழுந்து படித்தார்கள்.

ஆனால், அடுத்த பாடம் வந்தால் பலகையைத் துடைத்தாக வேண்டுமே! பாடநூலிலே எவரோ எழுதியது நிலைத்து நிற்கிறது. பிள்ளை சொன்னது துடைக்கப்பட்டுப் புழுதியாகிறது! ஏன், பெரியவர்களின் எழுத்துத்தான் அச்சேற வேண்டுமோ? ஏழை வீட்டுப் பிள்ளையின் சொல்லுக்கு மை ஒட்டாதோ?

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வகுப்பறை அச்சகம். 1920-களின் நடுவிலே, கையால் இயக்கும் சின்னஞ்சிறு அச்சுப் பொறி ஒன்றைத் தேடிப் பிடித்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அந்நாளிலே அதுதான் புதுமைக் கருவி. இன்று திரை வந்தபோது நம் பிள்ளைகள் வியந்தார்களே, அப்படித்தான் அன்று அவர்களும் வியந்திருப்பர். ஆனால், அந்தக் கருவியை அவர் யார் கையிலே கொடுத்தார் என்பதிலேதான் கதையே இருக்கிறது.

பிள்ளைகள் விரும்பியதை எழுதுவார்கள். எழுதியதை வகுப்பிலே படிப்பார்கள். எது அச்சேற வேண்டும் என்பதை வகுப்பே வாக்களித்து முடிவு செய்யும். பிறகு, எல்லோருமாகக் கூடி அந்த எழுத்தைச் செப்பனிடுவார்கள், பிழை களைவார்கள். அதன்பின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். நம் நாளேட்டின் பழைய அச்சகத்திலே வேலை பார்த்த மூத்த தோழர்களைக் கேட்டுப் பார். எழுத்தை இடவலமாகப் புரட்டிப் பார்த்துக் கோத்திட எவ்வளவு கண்ணும் கருத்தும் வேண்டும் என்பதைச் சொல்வார்கள். ஓர் எழுத்துப் பிசகினால் பக்கமே பல்லிளிக்கும்! கோத்து முடித்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால், அதோ, தன் எண்ணத்தைத் தானே அச்சிலே காண்கிறான் எட்டு வயதுச் சிறுவன். அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டினால் அது அவர்களுடைய வாழ்வேடு. எழுத்துக்கூட்டல் கற்றானா? கற்றான். இலக்கணம் கற்றானா? கற்றான். பொறுமை, கூட்டுழைப்பு, தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்றல் — இவற்றைப் பாடநூல் கற்பித்திருக்குமா?

பொறி என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டல்லவா? இயந்திரமும் பொறி, நெருப்புத் துளியும் பொறி. அச்சுப் பொறி அங்கே அறிவுப் பொறியாயிற்று. காரணம், அது பிள்ளையைக் கேட்பவனாக வைக்கவில்லை, பேசுபவனாக எழுப்பிற்று.

யாரிடம் பேசுவது? அதையும் எண்ணினார் பிரெனே. நாட்டின் மறுகோடியிலே, பிரித்தானி கடற்கரையிலே, திரெகன் என்ற ஊரிலே ரெனே தானியேல் என்றோர் ஆசிரியர் இருந்தார். இரு பள்ளிகளும் தாங்கள் அச்சிட்டவற்றை அஞ்சலிலே பரிமாறிக்கொண்டன. இங்கே மலையும் ஆலிவ் மரமும். அங்கே அலையும் மீன்பிடி படகும். கடலைக் கண்டறியாத சிறுவன், தன்னையொத்த சிறுவன் எழுதக் கடலை அறிந்தான். பூகோளப் பாடம் தபால்காரர் பையிலே வந்து சேர்ந்தது!

வகுப்பறைக் கதவையும் அவர் மூடிவைக்கவில்லை. பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துச் சென்றார். நெசவாளி தறியிலே அமர்ந்திருப்பதை, தச்சர் இழைப்புளி தள்ளுவதை, உழவர் உழைப்பதை நின்று பார்த்தார்கள், கேட்டார்கள், திரும்பி வந்து எழுதினார்கள், அச்சிட்டார்கள். அந்தத் தாள் பெற்றோர் கைக்கும் போயிற்று. ஆசிரியரும், பள்ளி மணி அடித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு போனவரல்லர். கிராமத்தாருக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்திட முன்னின்றவர். சமூகத் தொண்டோடு இணைந்த கல்வி என்று இன்று பல்கலைக்கழகங்கள் பெரும்பேச்சாகப் பேசுகின்றன. 1960-களின் பிற்பகுதியிலே அமெரிக்காவிலே அதற்கொரு பெயரும் சூட்டினார்கள். பெயர் பிறப்பதற்கு முன்பே பிள்ளையைப் பெற்று வளர்த்துவிட்ட ஊர்கள் உண்டு, தோழனே! அவற்றிலே ஒன்று பார்-சுர்-லூ.

இங்கே ஒன்றை நீ கூர்ந்து நோக்க வேண்டும். ஏழைக்கு இரங்கிச் செய்யும் தருமமல்ல இது. ஆண்டுக்கொரு நாள் துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்து செல்லும் சடங்குமல்ல. ஊரே பாடம், ஊருக்கே அந்தப் பாடத்தின் பயன். தச்சரிடம் கற்றதைத் தச்சரே படித்துப் பார்த்து, “தவறு தம்பி, இப்படியல்ல” என்று திருத்திடக்கூடிய கல்வி!

கருவி விலையுயர்ந்ததாயிற்றே, ஏழைப் பள்ளிக்கு எட்டுமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. அவர் முதலாளிகளின் படிக்கட்டிலே போய் நிற்கவில்லை. ஆசிரியர்களைத் திரட்டினார். 1928-இலே ஆசிரியர்களின் கூட்டுறவு நிறுவனம் எழுந்தது. பள்ளிக்கேற்ற அச்சுப் பொறியையும், எழுத்துகளையும், பிள்ளைகளுக்கான ஏடுகளையும் அவர்களே ஆக்கி அவர்களுக்குள்ளே வழங்கிக்கொண்டார்கள். 1932 முதல், பிள்ளைகள் தாமே தேடிப் படிப்பதற்கான சிறு நூல்களின் வரிசை ஒன்றையும் வெளியிட்டார்கள். கருவி, கடைக்காரன் விற்றதாக இல்லை; கற்பிப்பவன் கையாண்டதாக இருந்தது. இந்த வேறுபாட்டை நெஞ்சிலே எழுதிக்கொள். இதற்குப் பின்னால் திரும்பி வருவேன்.

*

இவ்வளவு நல்ல காரியம் செய்தவரை ஊர் தோளிலே தூக்கி ஆடியிருக்கும் என்று எண்ணுகிறாயா? நாடகம் எழுதுகிறவன் நான்; மூன்றாம் காட்சியிலே முட்டுக்கட்டை வரும் என்பது எனக்குத் தெரியும். வந்தது.

1928-இலே அவரும், அவருடைய வாழ்க்கைத் துணைவியும் பணித் தோழருமான எலீசும் சான்-போல் என்ற ஊருக்குச் சென்றனர். பள்ளிக் கட்டடம் பாழ். அடிப்படை வசதிகள் இல்லை. சீர் செய்யுங்கள், பிள்ளைகளுக்கு எழுதுபொருள் இலவசமாகக் கொடுங்கள் என்று ஊராட்சியிடம் கேட்டார், மீண்டும் மீண்டும் கேட்டார். கேட்டது குற்றமாயிற்று! அந்த வேளையிலே ஒரு சிறுவன் தான் கண்ட கனவை எழுதினான்: எழுதுபொருள் கொடுக்க மறுத்த மேயருக்கு எதிராக வகுப்பே எழுந்ததாம், மோதலிலே மேயரை அவன் கொன்றுவிட்டானாம். கனவுதான். குழந்தையின் கனவு. வகுப்பு அதை அச்சிட்டது.

1932 டிசம்பரில், அந்தக் கனவு சுவரொட்டியாக ஊர்ச் சுவர்களிலே முளைத்தது. பாருங்கள், பிள்ளைகளுக்குக் கொலை கற்பிக்கிறான் ஆசிரியன் என்று கூக்குரல்! சார்ல் மோராசின் வலதுசாரி நாளேடு அதை நாடு முழுவதும் பரப்பிற்று. ஊர் இரண்டுபட்டது. 1933 ஏப்ரலில், பள்ளியை முற்றுகையிட்டது ஒரு கூட்டம். அந்த ஆண்டே மாற்றல் உத்தரவு வந்தது. இடிந்த சுவரைக் காட்டியவன் குற்றவாளி. சுவரை இடியவிட்டவர்கள் நாட்டுக் காவலர்கள்!

அச்சிட்டது சரிதானா, ஆசிரியர் முன்யோசனையோடு நடந்திருக்க வேண்டாமா என்று உன் மனம் கேட்டால், நான் அதைத் தடுக்கமாட்டேன். பிள்ளைகளைப் பேசவிடுகிறவன், அவர்கள் பேசுவதன் விளைவையும் சுமக்கத்தான் வேண்டும். பிரெனே சுமந்தார். குழந்தை மீது பழி போட்டுத் தப்பவில்லை. பொறியைப் பூட்டி வைக்கவுமில்லை. அரசுப் பள்ளி இடமளிக்காதென்றால் நாமே கட்டுவோம் என்று, வான்ஸ் என்ற ஊரருகே கல்லும் மண்ணும் சுமந்து பள்ளி எழுப்பினார். 1935-இலே அது திறந்தது. ஏழைப் பிள்ளைகள் வந்தனர். ஸ்பானிய உள்நாட்டுப் போர் மூண்டபோது, வீடிழந்து எல்லை கடந்து வந்த ஸ்பானியக் குழந்தைகளுக்கும் அந்தப் பள்ளியே அன்னை மடியாயிற்று. தொண்டு என்பது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பிரிவல்ல. பக்கத்துப் பாயிலே படுத்திருந்த அகதிச் சிறுவன்தான் பாடம்.

1940-இலே அவரைக் கைது செய்து முகாம்களிலே அடைத்தார்கள். நோயுற்ற நெஞ்சோடு அங்கேயும் எழுதினார். 1941-இலே வெளியே வந்தார். பின்னர் எதிர்ப்பு இயக்கத்திலே பங்கு கொண்டார். விடுதலைக்குப் பின் மீண்டும் வகுப்பு, மீண்டும் அச்சு. 1949-இலே அவருடைய கதையைத் தழுவித் திரைப்படமும் வந்தது. 1957-இலே பன்னாட்டு ஆசிரியர் கூட்டமைப்பு உருவாயிற்று. 1966-இலே அவர் மறைந்தார். அந்தக் கூட்டமைப்போ மறையவில்லை.

கட்சிக்காரர்களாகிய நமக்கு மட்டும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1926 முதல் அவர் பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியிலே இருந்தவர். வலதுசாரிகள் அவரைத் தாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1950-இலே, அந்தக் கட்சியின் அறிஞர் இதழே அவருடைய கல்வி முறையைக் கடுமையாகக் குறை கூறிற்று. அந்த உறவு நிலைக்கவில்லை. எதிரி எறிந்த கல்லையும் தாங்கினார். தோழர் எறிந்ததையும் தாங்கினார். பிள்ளைகளைத் தானாகச் சிந்திக்கவிடுபவன் எந்த முகாமுக்கும் முழு வசதியானவனாக இருக்கமாட்டான் என்பதை நாமும் மனத்திலே கொள்ள வேண்டும்.

*

அந்தச் சின்னஞ்சிறு பொறி எல்லை தாண்டிற்று. ஸ்பெயினிலே, பூர்கோஸ் பகுதியிலே, பன்யுவேலோஸ் தே புரேபா என்ற சிற்றூருக்கு 1934-இலே ஆசிரியராக வந்தார் அந்தோனி பெனாய்ஜெஸ் என்ற கத்தலோனிய இளைஞர். பிரெனேயின் வழியைக் கற்றவர். தம் சொந்தப் பணத்திலே அச்சுப் பொறி வாங்கினார். இசைத்தட்டுப் பெட்டியும் கொண்டுவந்தார். கடலைக் கண்டறியாத உள்நாட்டுக் கிராமம் அது. கடல் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார். எழுதினார்கள், தாங்களே கோத்து, தாங்களே அச்சிட்டார்கள். கடலைப் பற்றிய அந்தச் சிறு ஏடு 1936-இலே வெளிவந்தது. கோடை விடுமுறையிலே உங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்வேன் என்று வாக்களித்தார் ஆசிரியர்.

கோடை வந்தது. கடல் வரவில்லை, கலகப் படை வந்தது. 1936 ஜூலையிலே பெனாய்ஜெஸ் கைது செய்யப்பட்டு, சித்திரவதைக்குள்ளாகி, கொல்லப்பட்டார். பிள்ளைகளின் ஏடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். ஆயினும் எல்லாமே எரிந்துவிடவில்லை. அஞ்சலிலே வேறு பள்ளிகளுக்குப் போயிருந்த ஏடுகளும், அஞ்சி ஒளித்து வைத்திருந்தவையும் எஞ்சின. 2023-இலே அந்த ஆசிரியரின் கதை திரைப்படமாகி உலகைக் கண்ணீர் சிந்தவைத்தது.

பத்து வயதுப் பிள்ளைகள் கடலைப் பற்றி எழுதிய ஏட்டைக் கண்டு ஆயுதம் தாங்கியவர்கள் ஏன் அஞ்ச வேண்டும், தோழனே? கடலுக்காக அல்ல. கண்டறியாத ஒன்றை எண்ணிப் பார்க்கக் கற்றவன், கண்முன் இருக்கும் அநீதி இல்லாத ஊரையும் எண்ணிப் பார்ப்பான். அந்த அச்சம்தான்!

*

இனி, அந்த இளம் ஆசிரியருக்கு என் விடை.

திரையை உடைக்க வேண்டா, தம்பி. கணிப்பொறியைத் திருப்பி அனுப்பவும் வேண்டா. எந்தக் கருவி வகுப்புக்குள் நுழைந்தாலும் அதனிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இங்கே பேசுவது யார்? பேசியதால் பயன் யாருக்கு? எங்கோ ஒரு நிறுவனம் பேச, நம் பிள்ளை வாய் மூடிக் கேட்டால், கருவி புதிது, வகுப்பு பழையது! பிள்ளை பேச, ஊர் பயனடைந்தால், கருவி ஈயத்தாலானதாயினும் வகுப்பு புதிது! பிரெனேயிடம் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு ஆற்றலுள்ள அச்சகம் இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் உறங்குகிறது. அதை எழுப்புங்கள். ஊர்க் குளத்தின் கதையைப் பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்யட்டும் பிள்ளைகள். எந்தத் தெருவிலே குடிநீர்க் குழாய் வறண்டிருக்கிறது என்று கணக்கெடுக்கட்டும். எழுதட்டும், அச்சிடட்டும், கிராம சபையிலே படிக்கட்டும். மலையூர்ப் பள்ளி கடலூர்ப் பள்ளிக்கு அனுப்பட்டும்.

ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பைச் சுமக்கும் பள்ளியிலே இது எளிதல்ல என்பதை அறிவேன். தேர்வும் மதிப்பெண்ணும் கழுத்தைப் பிடிக்கும் என்பதையும் அறிவேன். அங்கேதான், தோழனே, உன் தோள் வேண்டியிருக்கிறது. உன் தெருவிலே படிப்பகம் இருக்கிறது. மாலையிலே அதன் விளக்கை ஏற்று. பத்துப் பிள்ளைகளைக் கூட்டு. நாம் கையெழுத்து ஏடு நடத்திக் கற்றவர்கள்தாமே! அந்த ஏட்டை அவர்கள் கையிலே கொடு.

ஒன்று மட்டும் செய்யாதே. நம் முழக்கத்தை அவர்கள் வாயிலே திணிக்காதே. நம் கொடியின் நிறத்தை அவர்கள் எழுத்திலே பூசாதே. நாளை ஒரு சிறுவன், நம் ஆட்கள் பொறுப்பிலே இருக்கும் ஊராட்சியின் உடைந்த குழாயைப் பற்றி எழுதினால், சுவரொட்டி ஒட்டும் கூட்டத்திலே நீ நிற்காதே. குழாயைச் செப்பனிடும் கூட்டத்திலே நில்! சான்-போல் ஊரிலே தோற்றது ஆசிரியரல்லர். அந்தச் சோதனைக்கு ஆளான ஊராட்சிதான்.

மேடையிலே பேசிப் பேசிப் பழகியவன் இதைச் சொல்கிறேன். நுரையீரலிலே குண்டு பாய்ந்து, உரத்துப் பேச இயலாத ஒருவர், தம்முடைய குரலுக்குப் பதில் ஆயிரமாயிரம் பிள்ளைகளின் குரலை எழுப்பிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்திலே நான் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருக்கிறேன். மிச்ச நேரத்திலே, படிப்பகத்துப் பிள்ளை ஒன்று தன் ஏட்டிலிருந்து படிக்கட்டும். அழைத்து வா!